ஆவியக்காவும் மாமனார் பவளமும்

அந்த மருத்துவமனையில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆவியக்கா என்று கேட்டால் வாசல் காவலாளிகூடக் கை நீட்டி வழி சொல்வார்: கீழ்த்தளம், இடதுபுறம் கடைசி, இரட்டைக் கதவு. புதிதாக வேலைக்குச் சேரும் நர்ஸ்கள் முதல்நாள் கொஞ்சம் தயங்குவார்கள். கீழ்த்தளம், ஆவி என்ற இரண்டு சொற்களும் ஒன்றாகக் காதில் விழுந்தால் யாருக்குத்தான் தயக்கம் வராது? உள்ளே போனால் நாற்பத்தாறு வயதுப் பெண் ஒருத்தி, தலையில் நீலத் தொப்பியும் முழங்கை வரை ரப்பர் உறையுமாக, ஆளுயர எஃகுப் பெட்டியின் கதவைத் திறந்து நீராவி அடங்குவதற்காகக் காத்துக்கொண்டிருப்பாள். பயந்து வந்தவர்களைப் பார்த்து, "ஆமா, நான்தான் ஆவி. கால் இருக்கு, பாத்துக்கோங்க" என்பாள்.

அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, கிருமி நீக்கி, பொட்டலம் கட்டி மேலே அனுப்புவது அவள் வேலை. இருபத்தொரு வருடம். ஒரு கதவு வழியாக ரத்தக் கறையோடு கத்தரிகளும் இடுக்கிகளும் தட்டில் வரும். அவள் அவற்றின் மூட்டுகளைத் திறந்து, பல் இடுக்குகளைத் தூரிகையால் தேய்த்து, விளக்கோடு கூடிய பூதக்கண்ணாடியின் கீழ் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பாள். பிறகு துணியில் சுற்றி, ஒரு நாடாவை ஒட்டி, நீராவிப் பெட்டிக்குள் வைப்பாள். வெந்து முடிந்ததும் நாடாவில் இருக்கும் கோடுகள் கறுக்க வேண்டும். கோடு கறுக்காத பொட்டலத்தைக் கேட்டு யார் வந்தாலும், தலைமை மருத்துவரே வந்து நின்றாலும், கொடுக்க மாட்டாள். "கண்ணுக்குத் தெரியற அழுக்கு பாவம், அதுவா ஒத்துக்குது. தெரியாத அழுக்குதான் ஆளைக் கொல்லும்" என்று புதியவர்களுக்குச் சொல்வாள். சொன்னபடியே நடப்பாள்.

அந்தக் கைகள் வீட்டிலும் சும்மா இருப்பதில்லை. ஸ்விட்ச் பலகையின் பொத்தான் இடுக்குகளைக் காதுகுடையும் பஞ்சால் துடைப்பவள் அவள். மகள் கூடவே இருந்தவரை, "அம்மா, போதும். சுவர் தேஞ்சு பக்கத்து வீடு தெரியப்போகுது" என்று கேலி செய்து நிறுத்துவாள். அந்த வருடம் மகள் வேறு ஊர்க் கல்லூரியில் சேர்ந்து விடுதிக்குப் போய்விட்டாள். அடுத்த மாதமே கணவரும் கப்பலுக்குக் கிளம்பினார்.

கணவர் சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியன். வருடத்தில் எட்டு மாதம் தண்ணீரில். வீட்டுக்கு வந்து தங்கும் நான்கு மாதத்திலும் அவர் பார்ப்பது கடலைத்தான். வரவேற்பறையில் இரும்புச் சட்டத்தின் மேல் மூன்றரை அடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று வைத்து, உப்புத் தண்ணீர் நிரப்பி, பாறைகளை அடுக்கி, அவற்றின் மேல் காளான் பவளங்களை வளர்த்து வந்தார். பவளம் என்றதும் கல்போல இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. இவற்றுக்கு எலும்பும் இல்லை, கல் கூடும் இல்லை. வட்டமான மெத்தென்ற தட்டுகள், ஒற்றைக் காலால் பாறையைப் பிடித்துக்கொண்டு, தொட்டி விளக்கு எரிந்ததும் இதழ் விரிப்பதுபோல் விரியும். நீலப் புள்ளி போட்ட சிவப்பு, பாசிமணி பதித்தது போன்ற ஆரஞ்சு, கரும்பச்சை என்று முப்பது நாற்பது இருந்தன. நடுப்பாறையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் பழுப்பு நிறக் காளான் ஒன்று. பக்கத்தில் வருவதை எல்லாம் சுருட்டி விழுங்கும், தொட்டால் அரை நாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கிடக்கும். அதற்குக் கணவர் மாமனார் என்று பெயர் வைத்திருந்தார். "எங்கப்பாவையா சொல்றீங்க?" என்று அவள் முதலில் ஒரு வாரம் பேசாமல் இருந்து பார்த்தாள். பிறகு அந்தப் பெயர் அவள் வாயிலும் ஏறிவிட்டது. அவளுடைய அப்பா அவள் அண்ணன் வீட்டில் திடமாக இருக்கிறார், விஷயம் தெரியாது.

கிளம்பும் முன் கணவர் ஒரு தாளில் மூன்று வரி எழுதித் தொட்டியின் பக்கத்தில் ஒட்டினார். தண்ணீர் வற்றினால் கோடு வரை நல்ல தண்ணீர் ஊற்று. மீன்கள் இரண்டுக்கும் தினம் ஒரு சிட்டிகை தீனி. மற்றபடி கை வைக்காதே. மூன்றாவது வரியைப் படித்து அவள் சிரித்தாள். ஆண்பிள்ளைகள் சோம்பேறித்தனத்துக்கு எப்படியெல்லாம் பெயர் வைக்கிறார்கள் என்று தோன்றியது.

முதல் மாதம் சொன்னபடி நடந்தாள். இரண்டாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தரையில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தவள் தற்செயலாக நிமிர்ந்தபோது, பாறையில் படிந்திருந்த மெல்லிய பழுப்புப் படலம் கண்ணில் பட்டது. வேலியில் போன ஓணானை எடுத்துக் காதில் விட்டுக்கொண்ட கதை அங்கேதான் தொடங்கியது. புதுப் பல்துலக்கி ஒன்றை எடுத்தாள், தேய்த்தாள். தேய்த்த இடம் பளிச்சென்று தெரிந்தது. தேய்க்காத இடம் கண்ணை உறுத்தியது. அந்த வாரமே எல்லாப் பாறைகளும் பளிச்சென்று ஆயின.

அப்புறம் அவளை நிறுத்த ஆளில்லை. விளக்கின் கண்ணாடியில் உப்புப் பூத்திருந்தது. துடைத்தாள், வெளிச்சம் இரண்டு மடங்கானது. தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரைக் கழற்றி அடைப்பெடுத்தாள், ஓட்டம் ஆற்று வெள்ளம்போல் ஆனது. தொட்டிக்கு அடியில் தண்ணீரை வடிகட்டும் கீழ் அறையில், அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளும் ஸ்கிம்மர் என்ற கருவி அரைகுறையாக ஓடிக்கொண்டிருந்தது; முழு வேகத்தில் வைத்தாள். பாசிக்கு உரமாகும் சத்தைத் தண்ணீரிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும் துருநிறத் துகள் ஒரு டப்பா அலமாரியில் இருந்தது. சல்லடைப் பையில் போடச் சொன்ன அளவுக்கு மூன்று பங்கு போட்டாள். வாரம் தவறாமல் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிதாக உப்புக் கலந்து ஊற்றினாள். மீன்களின் தீனியையும் பாதியாகக் குறைத்தாள், மிச்சம் விழுந்து அழுகக் கூடாதே என்று.

தண்ணீரைச் சோதிக்கும் சொட்டு மருந்துப் பெட்டி ஒன்றும் இருந்தது. கழிவுச் சத்து இருந்தால் குழாயில் இளஞ்சிவப்பு நிறம் வரும். அவள் குலுக்கிப் பார்த்தபோது குடிதண்ணீர் மாதிரி இருந்தது, நிறமே இல்லை. மறு வாரமும் இல்லை. கோடு கறுத்த பொட்டலத்தை மேலே அனுப்பும்போது வரும் அதே நிறைவு அவளுக்கு வந்தது.

காளான்கள் சிறுத்ததை அவள் கவனித்தது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே ஏதோ குறைகிறது என்று மனது சொன்னது. கிட்டே போய்ப் பார்த்தாள். உள்ளங்கை அகலம் இருந்தவை சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருங்கியிருந்தன. சிவப்பு வெளிறி ரோஜா நிறமாகியிருந்தது. ஓரங்கள் உள்ளே மடிந்து, வாயை இறுக மூடிக்கொண்ட குழந்தைகள் மாதிரி இருந்தன. மாமனார் மட்டும் விரிந்திருந்தார், ஆனால் பாதிதான். பழுப்பில் வெள்ளைத் திட்டுகள்.

இருபத்தொரு வருட அனுபவம் அவளுக்கு ஒரே ஒரு முடிவைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தது: எங்கோ அழுக்கு இருக்கிறது, தன் கண்ணுக்குத் தப்பிய அழுக்கு. அன்றே மீண்டும் பாதித் தண்ணீரை மாற்றினாள். காளான்கள் இன்னும் சுருங்கின. அவள் இன்னும் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கப்பலில் இணைப்பு கிடைக்கும்போது கணவர் வீடியோவில் அழைப்பார். இரண்டு வார்த்தை நலம் விசாரித்துவிட்டு, "தொட்டிப் பக்கம் திருப்பு, பாப்போம்" என்பார். அந்த ஞாயிறு அவள் போன் கேமரா மங்கிவிட்டது என்றாள். படம் இல்லாமல் பேசினார்கள். காளான்கள் எப்படி என்று கேட்டார். நல்லா இருக்கு என்றாள். அடுத்த ஞாயிறு வீட்டில் கரண்ட் இல்லை, முகமே தெரியாது என்றாள். அதற்கடுத்த வாரம் அழுது முகம் வீங்கியிருந்தது, அதனால் நிஜமாகவே கேமராவைப் போட முடியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சும்மாவா சொன்னார்கள்? ஒரு பொய்யைக் காப்பாற்ற அடுத்த பொய், அதைக் காப்பாற்ற இன்னொன்று. நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொல்லிச் சொல்லி அவளுடைய குரலே தேய்ந்துபோயிருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. வேலைச் சீருடையின் பெல்ட்டில் ஒரு துளை கூடுதலாகக் குத்திக்கொண்டாள்.

தொட்டி அவருக்கு வெறும் பொழுதுபோக்கு இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஒரு முறை கப்பலில் அவருடன் ஒரே அறையில் இருந்தவர் விபத்தில் இறந்துபோனார். அந்தத் தடவை வீட்டுக்கு வந்த கணவர் இரண்டு மாதம் யாரோடும் பேசவில்லை. பிறகு ஒரு நாள் ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பாவில் நகக்கண் அளவு பழுப்புக் காளானோடு வந்தார். அது விரிகிறதா என்று தினமும் உட்கார்ந்து பார்ப்பார். அது விரிய விரிய அவரும் பேச ஆரம்பித்தார். அந்த நகக்கண்தான் ஒன்பது வருடத்தில் மாமனார் ஆகியிருந்தது.

நாலாவது வாரம், எதிர்பாராமல் கொழுந்தனார் வந்து நின்றார். கணவரின் தம்பி, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் அண்ணி என்றார். அவருடைய வீடும் வேலையும் ஊரின் மறுகோடியில். இந்தப் பக்கம் சும்மா வர அவருக்கு ஒரு காரணமும் கிடையாது. வாசல் மணி அடித்ததும் அவள் கையில் கிடைத்த போர்வையை எடுத்துத் தொட்டியின் மேல் போட்டு மூடிவிட்டாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டே போர்வையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி போர்வையைப் பார்த்தார்.

"உடம்பு நல்லா இருக்கா அண்ணி?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

"கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்கு."

"வேலை ஜாஸ்தி தம்பி."

மேஜை மேல் இருந்த மருந்துச் சீட்டு ஒன்றை அவர் சும்மா எடுப்பதுபோல் எடுத்துப் படித்தார். அது பல்வலிக்கு வாங்கியது, போன வருடத்துச் சீட்டு. ஏதாவது என்றால் எந்த நேரமும் சொல்ல வேண்டும், நாங்கள் எல்லாம் எதற்கு இருக்கிறோம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பும் வரை அவள் மூச்சு விடவில்லை. தொட்டியை வேவு பார்க்கத்தான் கணவர் தம்பியை அனுப்பியிருக்கிறார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அந்தப் புதன்கிழமை வேலையிலிருந்து வந்து பார்த்தபோது நடுப்பாறை காலியாக இருந்தது.

மாமனார் இல்லை. அவர் ஒன்பது வருடம் பிடித்துக்கொண்டிருந்த இடத்தில் தழும்பு மாதிரி ஒரு வெளிறிய வட்டம் மட்டும் இருந்தது. அவள் தொட்டியின் மூன்று பக்கமும் டார்ச் அடித்துத் தேடினாள். எங்கும் காணவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். பல்துலக்கி, பஞ்சு, வாளி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன. ஆனால் முதல் தடவையாக அவளுக்கு எதையும் கழுவத் தோன்றவில்லை.

மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, கணவர் வழக்கமாகப் போகும் கடல்மீன் கடைக்குப் போனாள். இதுவரை போகாததற்குக் காரணம் இருந்தது: கடைக்காரி கணவரோடு போனில் செய்தி பரிமாறிக்கொள்கிறவள், சொல்லிவிடுவாளோ என்ற பயம். இப்போது பயப்பட மிச்சம் எதுவும் இல்லை. கடைக்காரிக்கு முப்பது வயது இருக்கும். முதுகில் துணியால் கட்டிய கைக்குழந்தையோடு, ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்தபடி வந்தாள். ஆவியக்கா பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து வைத்தாள். சோதிக்கக் கொண்டுவந்த தொட்டித் தண்ணீர், இறுக மூடி, நாடா சுற்றி, தேதியும் மணியும் எழுதி ஒட்டியிருந்தது.

"என்னக்கா இது, தண்ணியா, ரத்தப் பரிசோதனையா?" என்றாள் கடைக்காரி.

சோதனைக் குழாய்களை எடுத்து, சொட்டு விட்டு, குலுக்கி, வெள்ளை அட்டையின் மேல் வைத்து இருவரும் பார்த்தார்கள். ஒரு குழாயிலும் நிறம் வரவில்லை.

"பாருங்க, சுத்தமா இருக்கு. நான்தான் சொல்றேனே, அழுக்கே இல்லை. ஆனாலும் சாகுது" என்றாள் ஆவியக்கா.

கடைக்காரி என்னென்ன செய்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டாள். இவள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். துருநிறத் துகள் மூன்று பங்கு என்றதும் கடைக்காரி புருவத்தைத் தூக்கினாள். விளக்கைத் துடைத்தது, மோட்டாரை அடைப்பெடுத்தது, பாதித் தண்ணீர் என்று பட்டியல் நீள நீள, அவள் குழந்தையை முதுகிலிருந்து முன்னால் மாற்றிக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, உங்க தண்ணிக்கு ஒரு வியாதியும் இல்லை. அதுல சாப்பாடு இல்லை. அவ்வளவுதான்."

ஆவியக்காவுக்கு விளங்கவில்லை. கடைக்காரி நிதானமாக விளக்கினாள். மற்றப் பவளங்கள் எப்படியோ, காளான்கள் பளிங்குத் தண்ணீரில் வாழ்கிறவை இல்லை. அவற்றுக்கு மிதமான வெளிச்சம் வேண்டும், தண்ணீர் மெல்ல அசைந்தால் போதும், மீன் கழிக்கும் கழிவு கொஞ்சம் தண்ணீரில் மிஞ்ச வேண்டும். அதைத் தின்றுதான் நிறமும் சதையும் பிடிக்கும். குழாயில் லேசான இளஞ்சிவப்பு தெரிந்தால்தான் அவற்றின் வயிறு நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். இங்கே சாப்பாட்டையும் பிடுங்கி, உச்சி வெயிலில் நிறுத்தி, வெள்ளத்திலும் விட்டால் பாறையை விட்டுக் கழன்றுதான் போகும்.

"அப்ப நான் கழுவினதுதான்..."

"நீங்க பட்டினி போட்டுட்டீங்க அக்கா. தெரியாமத்தானே?"

தப்பு முழுக்கத் தன்னுடையது என்று தெரிந்தபோது ஆவியக்காவுக்கு வர வேண்டிய துக்கம் வந்தது, ஆனால் அதன் பின்னாலேயே வேறொன்றும் வந்தது. ஒரு மாதமாக அவள் கண்ணுக்குத் தெரியாத எதிரி ஒருவனைத் தேடிக்கொண்டிருந்தாள். அப்படி ஒருவன் இல்லவே இல்லை என்பது எவ்வளவு பெரிய செய்தி! என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள், அதுவும் ஒரு அதிர்ச்சிதான் என்றாள் கடைக்காரி. இன்றைக்குத் துகள் பையை எடுங்கள். நாலு நாள் கழித்து விளக்கை ஒரு சாண் உயர்த்துங்கள். பிறகு மோட்டாரைக் குறையுங்கள், அப்புறம் ஸ்கிம்மரை. மீன்களுக்கு வயிறாரப் போடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் தாராளம்.

"நடுவுல கை அரிச்சா?" என்று கேட்டாள் ஆவியக்கா. கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள்.

"முன் கண்ணாடியைத் தொடைச்சுக்கோங்க. வேற எதையும் தொடாதீங்க."

தொட்டியைக் காப்பாற்ற வழி கிடைத்துவிட்டது. கணவரிடம் சொல்வது மட்டும் மிச்சம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை தலை வாரி, நல்ல சேலை கட்டி, தண்டனை கேட்கப் போகிறவள்போல் போனின் முன் உட்கார்ந்தாள். அழைப்பு வந்தது. இணைப்பு விட்டு விட்டு வந்தது, படம் உறைந்து நின்றது, கேமராவை நிறுத்திவிட்டாள். ஆரம்பித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி நல்லா இருக்கு என்று சொல்லிவிடுவோம் என்று அவளுக்குப் பயம்.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும். மாமனார் போயிட்டார்."

"எப்ப?" என்றார் மெதுவாக.

"புதன்கிழமை."

"புதன்கிழமையா? இன்னிக்கு ஞாயிறு. ஏன் யாரும் எனக்குச் சொல்லலை? உங்கண்ணன்கூட ஒரு வார்த்தை சொல்லலையே. உங்கப்பாவுக்கு என்ன ஆச்சு?"

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் பதறிப்போனாள். "ஐயோ, எங்கப்பா நல்லா இருக்கார். நான் சொல்றது பாறைமேல இருந்தவரை."

பிறகு மடை திறந்தது. பல்துலக்கியிலிருந்து கடைக்காரி வரை, போர்வை உட்பட எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது, நீளமான மூச்சு, சுமையை இறக்கி வைத்த ஆள் விடுவது போன்ற மூச்சு.

"இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதானாவா? நான் உங்க தொட்டியையே..."

"இரு. உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கு என்ன?"

"நாலு வாரமா நீ முகத்தைக் காட்டலை. குரல் ஒரு மாதிரி இருக்கு. தம்பியை அனுப்பினா, அண்ணி இளைச்சுட்டாங்க, மேஜைல மருந்துச் சீட்டு இருக்கு, ஹால்ல எதையோ போர்வை போட்டு மூடி வச்சிருக்காங்கன்னு சொல்றான். நீ வேலை பாக்கறதோ ஆஸ்பத்திரி. ஏதோ பெரிய வியாதின்னு தெரிஞ்சு எங்கிட்ட மறைக்கறேன்னு நினைச்சேன். அடுத்த துறைமுகத்துல என்னை இறக்கி விடுங்கன்னு கேப்டன்கிட்ட எழுதிக் கொடுத்துட்டேன்."

தான் பயந்த ஒரு மாதமும் அங்கே ஒருவர் அதைவிடப் பெரிதாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார். காளானுக்காக அழுதவள் இப்போது வேறு காரணத்துக்காக அழுதாள். சத்தியமா ஒண்ணுமில்லையே என்று அவர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் சத்தியம் செய்தாள். அந்தக் கடிதத்தை உடனே திரும்ப வாங்குங்கள் என்றாள். வாங்குகிறேன், ஆனால் முதலில் கேமராவைப் போடு என்றார். போட்டாள். படம் தெளிந்தபோது இருவரும் மூக்கு சிவந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்தான் முதலில் சிரித்தார்.

"மாமனார் செத்திருக்க மாட்டார்" என்றார் கடைசியில். "இடம் பிடிக்கலைன்னா காலைக் கழட்டிட்டு மிதந்து போவார். தண்ணி அசையாத மூலையா பாத்துத் தேடு. ஓட்டம் நேரா அடிக்காத இடத்துல."

போனைக் கையில் பிடித்தபடியே தேடினாள். தண்ணீர் கீழ் அறைக்கு வழியும் கறுப்புப் பெட்டிக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவே இரண்டு விரல் சந்து. டார்ச் அடித்தபோது கசங்கிய கைக்குட்டைபோல எதுவோ ஒட்டிக்கிடந்தது. நீளக் கரண்டியை விட்டு மெல்ல நகர்த்தி எடுத்தாள். உள்ளங்கை அளவுகூட இல்லை. வெளிறி, வழவழவென்று, ஆனால் கரண்டி பட்டதும் ஓரத்தைச் சுளித்தது.

"சுளிக்கிறார்" என்றாள் போனில்.

"அப்ப அவரேதான்" என்றார் கணவர்.

அவர் சொன்னபடி ஒரு கிண்ணத்தில் உடைந்த பாறைத் துண்டுகளைப் போட்டு, அதன் மேல் மாமனாரைக் கிடத்தி, மிதந்து போகாதபடி கிண்ணத்தின் வாயில் வலைத்துணி கட்டி, தொட்டியின் அடியில் நிழலான மூலையில் வைத்தாள். தண்ணீர் உள்ளே போய் வரும், ஆள் வெளியே வர முடியாது.

அதன் பிறகு அவளுக்கு வேலை என்பது ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். அது நீராவிப் பெட்டியைவிடக் கஷ்டமாக இருந்தது. பாறையில் மீண்டும் பழுப்புப் படலம் படர்ந்தபோது கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாளுக்கு நாள் பெரிய மாற்றம் தெரியவில்லை. இரண்டாவது வாரம் சோதனைக் குழாயில் மிக லேசாக, கன்னம் சிவப்பதுபோல், ஒரு நிறம் வந்தது. அந்தக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது வாரம் ஓரத்துச் சிவப்புக் காளான் ஒன்று மடிப்பைப் பிரித்தது. நீலப் புள்ளிகள் தெரிந்தன. அன்று வேலை இடத்தில் காரணம் இல்லாமல் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள்.

நாலாவது வாரம் வலைத்துணியைப் பிரித்துக் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தாள். மாமனார் ஒரு பாறைத் துண்டைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். பழைய நடுப்பாறையில் அந்த வெளிறிய வட்டம் இருந்த இடத்தில் மிளகு அளவில் மூன்று பழுப்புப் புள்ளிகள். முதலில் அழுக்கு என்றுதான் நினைத்தாள். பழக்க தோஷம், கை தானாகப் பல்துலக்கியைத் தேடியது. நல்ல வேளை, முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிப் பார்த்தாள். மூன்றுக்கும் நடுவில் வாய் இருந்தது. கழன்று போனபோது காலிலிருந்து பிய்ந்த சதைத் துணுக்குகள்தான் குட்டிகளாகியிருந்தன. அந்த ஞாயிறு கேமராவை அவளாகவே தொட்டிப் பக்கம் திருப்பினாள். மகளையும் அழைப்பில் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று குட்டிகளுக்கும் மச்சான்கள் என்று பெயர் வைக்கலாமா என்று மகள் கேட்டாள். ஆவியக்கா வேண்டாம் என்று சொல்லியும் மகள் கேட்கவில்லை.

கணவர் முழுப் பயணத்தையும் முடித்துக்கொண்டே வந்தார். கொழுந்தனார் துறைமுகத்திலிருந்து அவரைப் பயிற்சிக் காரிலேயே அழைத்து வந்திருந்தார், கூரையில் சிவப்பு எழுத்துப் பலகையோடு. தான் தப்பாகச் சொன்ன போர்வை விஷயத்தை யாராவது எடுத்துவிடப் போகிறார்களே என்ற பயத்தில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். கணவர் உள்ளே வந்தார். வழக்கமாகச் செருப்போடு நேரே தொட்டிக்குப் போகிறவர், அன்று வாசலிலேயே நின்று அவள் முகத்தைப் பார்த்தார். கன்னம், கண், கழுத்து என்று நிதானமாக, பூதக்கண்ணாடியின் கீழே வைத்துப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"தொட்டியைப் பாக்கலையா?" என்று கேட்டாள்.

"அது எங்க போகப்போகுது? நீ உக்காரு" என்றார்.

மூன்றாவது நாள் இருவருக்கும் சண்டை வந்தது. பக்கக் கண்ணாடியில் படிந்த பச்சையை அவள் சுரண்டிவிட்டாள் என்பது அவர் குற்றச்சாட்டு. அது தானாக உதிர்ந்தது என்பது அவள் வாதம். கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தார்கள். இரண்டு பக்கமும் பின்புறமும் அவருடையவை, எப்படி வேண்டுமானாலும் பாசி பிடிக்கட்டும். முன் கண்ணாடி மட்டும் அவள் வசம். இப்போது அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் மூன்றரை அடி முன் கண்ணாடியில் ஒரு விரல் தடத்தைக்கூடப் பார்க்க முடியாது.